நூற்று முப்பத்தெட்டு புள்ளி ஏழு

பகலில் நான் லாரிகளை நிறுக்கிறேன்.
மொன்டானாவில், நெடுஞ்சாலை தொண்ணூறின் ஓரம்,
நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை.
எண்பதாயிரம் பவுண்டு வரை சட்டம்.
அதற்கு மேல் நூறு இருநூறு என்றால்
அடியில் பனி ஒட்டியிருக்கும்,
டிரைவர் வயிறாரச் சாப்பிட்டிருப்பான்,
போ என்று பச்சை விளக்கைப் போடுவேன்.

இரவில் குண்டுகளை நிறுக்கிறேன்.
துப்பாக்கிக் குழலை விட்டுப் பறக்கப்போகும் மூக்கு மட்டும்:
செம்புச் சட்டை மாட்டிய ஈயம்.
பெட்டிக்கு நூறு. ஒவ்வொன்றும் நூற்று நாற்பது கிரெயின்
என்கிறது பெட்டி.
ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம் கிரெயின்.
சட்டம் அனுமதிக்கும் லாரியில்
ஐம்பத்தாறு கோடி.
அதில் ஒன்றின் பத்தில் ஒரு பங்குக்காக
மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடக்கத்தான் வேண்டும். விட்டால் தட்டு நடுங்கும்.
ஹீட்டர் ஓடினால் எண் ஊரும்.
ட்ரூடி துணி உலர்த்தியைப் போட்டால்
ஒரே குண்டு மூன்று எடை சொல்லும்,
குறுக்கு விசாரணையில் உளறும் சாட்சி மாதிரி.

மஃபின் தட்டில் பன்னிரண்டு குழி.
கனமானவை கதவுப் பக்கம், மெலிந்தவை சுவர்ப் பக்கம்.
பெரும்பாலும் நடுக்குழிகளிலேயே விழுந்தன.
ஒன்று மட்டும்
நூற்று முப்பத்தெட்டு புள்ளி ஏழு.
எடுத்து மறுபடி வைத்தேன்.
தட்டைத் துடைத்துவிட்டு வைத்தேன்.
இருபது கிராம் படிக்கல்லால் தராசைச் சோதித்துவிட்டு வைத்தேன்.
அதே.
நீளம் சரி. மினுக்கம் சரி.
செம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே எங்கேயோ
துளி காற்று மாட்டியிருக்கலாம்.
அறுத்தால் தெரியும்.
அறுத்த பிறகு தெரிந்து என்ன.
மூக்கில் மார்க்கரால் கறுப்பு வைத்து ஜன்னலோரம் நிறுத்தினேன்.

சனிக்கிழமை ராத்திரி ட்ரூடிக்குத் தட்டு வேண்டியிருந்தது.
போட்டிக்கு வரும் நாற்பது பேருக்குச் சோள மஃபின்.
ஆறு இரவுகளை ஒரே கிண்ணத்தில் கொட்டினாள்.
"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."
நான் வாயைத் திறந்தேன்.
பெட்டியிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
மூடிக்கொண்டேன்.
தட்டை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
ஈயமாயிற்றே என்று நான்காவது முறை நான் கழுவினேன்.
பிறகு கிண்ணத்தில் கைவிட்டு, வந்தது வந்தபடி
மருந்து அளந்து கூட்டில் பொருத்தினேன்.
மஃபின் வாசனையில் விடிந்தது.

அறுநூறு கெஜம்.
பக்கத்துக் கொடி கிழக்கே சாய்ந்தது,
நடுக்கொடி சோம்பிக் கிடந்தது,
தூரத்துக் கொடிக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது.
பதினாறு குண்டு நன்றாகவே போயிற்று.
பதினேழாவது இடப்பக்கம் ஓடி எட்டில் குத்தியது.
போன வருஷமென்றால்
அது எந்தக் குழிக் குண்டு என்று பெயர் சொல்லித் திட்டியிருப்பேன்.
இன்று அதற்கு முகவரி இல்லை.
அடுத்த பாயில் டெல்பர்ட் ஊஸ்டர்ஹவுஸ்,
பெட்டியைப் பிரித்த கையோடு, நிறுக்காமல் ஏற்றுகிறவன்,
மஃபின் அடைத்த வாயோடு கேட்டான்:
"கொடி திரும்பினதைப் பாக்கலியா?"

பார்க்கவில்லை.
கோப்பை அவனுக்குத்தான்.

திங்கள் அதிகாலை, முதல் லாரி வருமுன்,
சட்டைப்பையில் கறுப்பு மூக்கன்.
எடைமேடையின் நட்டநடுவில் அதை நிறுத்திவிட்டு
அறைக்குள் ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது பவுண்டுக்குக் கீழே எதையும் அது பேச்சாகவே எடுக்காது.
தெரிந்துதான் வைத்தேன்.
ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடைசி இலக்கம் அசையுமோ என்று.

கோதுமை லாரி ஒன்று வளைவில் திரும்பி,
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு காத்து நின்றது.
நான் சீருடையோடு முழங்காலிட்டு
இரும்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தேன்.